ராகாய் ஊர்க்காரர்களுக்கு நாம் பட்ட கடன்

என் மேஜைக்கு எதிரே வந்து உட்காரும் தம்பதிகளிடம் நான் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீங்க. ரத்தத்துல வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைஞ்சு, அப்படியே இருந்தா உங்ககிட்ட இருந்து அவங்களுக்குத் தொத்தாது." இதைக் கேட்டதும் முதலில் நிமிர்வது பெரும்பாலும் மனைவிதான். "அப்போ நாங்க குழந்தை பெத்துக்கலாமா மேடம்?"

எச்.ஐ.வி. ஆலோசகராகப் பதினோரு வருஷமாக இதைச் சொல்கிறேன். இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று சமீபத்தில்தான் தேடிப் படித்தேன். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

உகாண்டாவின் தெற்கே, தான்சானியா எல்லையை ஒட்டியது ராகாய். அங்கே விக்டோரியா ஏரிக்கரையில் கசென்செரோ என்று ஒரு மீனவ ஊர். 1982 வாக்கில் ஆட்கள் காரணமே தெரியாமல் மெலிந்து மெலிந்து சாக ஆரம்பித்தார்கள். ஏமாற்றப்பட்ட தான்சானிய வியாபாரிகள் வைத்த சூனியம் என்று ஊர் நம்பியது. உடம்பு உருகிப்போவதால் 'ஸ்லிம்' என்றார்கள். ஊர் வாயில் அது 'சிலீமு' ஆனது. அந்த ஸ்லிம் எய்ட்ஸ் வைரஸோடு தொடர்புடையது என்று டேவிட் செர்வாடாவும் உடனிருந்த மருத்துவர்களும் 1985-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

இதைப் பேசினாலே 'ஒழுக்கம் கெட்டதுகள்' என்று முடித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. 2016-ல் வந்த ஓர் ஆய்வில், ராகாய் வட்டாரத்தின் கரையோர ஊர்களில் பெரியவர்கள் பத்துப் பேரில் சுமார் நான்கு பேருக்குத் தொற்று. உள்ளே தள்ளியிருக்கும் விவசாய ஊர்களில் சுமார் ஏழு பேருக்கு ஒருவர். கரையில் பிழைப்பே வேறு. ஆண்களுக்கு அன்றன்றைக்குக் கையில் காசு, இன்றைக்கு ஒரு கரை, நாளைக்கு ஒரு கரை. பெண்களுக்குப் படகுக்காரன் தயவில்லாமல் சோறு கிடைப்பது கஷ்டம். வைரஸ் அந்த வழியாகத்தான் நடந்துபோனது.

1988-ல் அங்கே ஓர் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்தார்கள், ஜனங்களும் கொடுத்தார்கள். அதில் ஒருவருக்குத் தொற்று உள்ள, மற்றவருக்கு இல்லாத 415 தம்பதிகளை 30 மாதம் வரை கவனித்தார்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 1500-க்குக் கீழே வைரஸ் இருந்தவர்களிடமிருந்து ஒரு துணைக்குக்கூடத் தொற்றவில்லை. 2000-ல் வெளியான இந்த முடிவுதான் நான் சொல்லும் வாக்கியத்துக்கு அஸ்திவாரம். மருந்தால் குறைத்தாலும் பரவல் தடுக்கப்படும் என்று 9 நாடுகளில், நம் சென்னையிலும்கூட, நடந்த ஆய்வு 2011-ல் காட்டியது.

அந்த 415 தம்பதிகளில் 90 பேருக்குத் துணையிடமிருந்து தொற்றியது. படிக்கும்போது இந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஆணுறை கொடுத்தார்கள், ஆலோசனை கொடுத்தார்கள், சரி. ஆனால் 1996 முதலே பணக்கார நாடுகளில் இருந்த கூட்டு மருந்து அங்கே இல்லை. வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை. இது நியாயமா என்று, ஆய்வை வெளியிட்ட இதழின் ஆசிரியர் மார்ஷியா ஏஞ்சலே அதே இதழில் கேட்டார். ஆராய்ச்சியாளர்களை வில்லனாக்க எனக்கு மனமில்லை; அவர்களில் பலர் உகாண்டாக்காரர்கள், சொந்த ஜனங்களைப் புதைத்தவர்கள். ஆனாலும் அந்த 90 பேர் எனக்குப் புள்ளிவிவரம் இல்லை. எதிர் நாற்காலியில் உட்காரும் முகங்கள்தான்.

2001-ல் நம் நாட்டு மருந்து நிறுவனம் சிப்லா, அது போன்ற ஒரு கூட்டு மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ராகாய்க்கு மருந்து வந்தது 2004-ல், அமெரிக்க அரசின் எய்ட்ஸ் உதவித் திட்டமான பெப்ஃபாரின் நிதியில். அதற்குப் பிறகு, 2011-க்கும் 2017-க்கும் இடையில், அந்தக் கரையோர ஊர்களில் புதுத்தொற்று ஏறக்குறையப் பாதியானது. அவ்வளவு பலன்!

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தியது. உயிர்காக்கும் மருந்துக்குப் பின்னால் விலக்கு வந்தது, வாஸ்தவம். ஆனால் எச்.ஐ.வி. ரெட்ரோவைரஸ் என்ற வகை; அது தன் மரபுக்குறிப்பை நம் செல்லின் மரபணுவிலேயே கோத்துவிடுகிறது. மாத்திரை அதை அடக்கித்தான் வைக்கும், அழிக்காது. நிறுத்தினால் சில வாரத்தில் எழுந்துவிடும். கோப்பில் கையெழுத்தாகும் வரை அது காத்திருக்காது.

எங்கள் மையத்துக்கு வரும் ஓர் அக்கா, மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சைத் திணித்துத்தான் பையில் வைப்பார். பஸ் குலுங்கும்போது சத்தம் கேட்டு யாராவது கேட்டுவிடக் கூடாதே என்று. பஞ்சை வைத்து, மூடியை இறுக்கி, காதோரம் ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். அவர் அப்படி உயிரோடு வந்து போவதற்கு, ராகாயில் யாரோ கையை நீட்டி ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊருக்குப் போகும் மருந்தை 'உதவி', 'தானம்' என்று எழுதுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பட்ட கடனை அடைப்பதற்கு யாராவது தானம் என்று பேர் வைப்பார்களா?

போன வாரம் வந்த தம்பதியிடம் வழக்கமான வாக்கியத்தோடு ராகாய் என்ற பேரையும் சொன்னேன். "அது எந்தப் பக்கம் மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். போனில் மேப்பைத் திறந்து அந்த ஏரியைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.