வெட்கம் என்று சொல்லிவிட்டார்கள்

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று போன தை மாதம் எழுத்தில் வந்தது. வயது 26. சொன்னவர்களில் பாதிப் பேர் "உன்னைப் பாத்தா அப்படித் தெரியலையே" என்கிறார்கள். மீதிப் பேர் "கல்யாணம் பேசுற நேரத்துல இது தேவையா" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன், அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

2011, திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர். 12 வயதில் எனக்குச் சடங்கு வைத்தார்கள். மண்டபம், மைக் செட், மாமா வீட்டுச் சீர்வரிசை எல்லாம் உண்டு. பட்டுப்புடவை கட்டி, ஒட்டியாணம் மாட்டி, தலை கனக்கப் பூ வைத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஆள் மாற்றி ஆள் வந்து கன்னத்தில் சந்தனம் தடவினார்கள். எனக்கு நினைவிருப்பது வீடியோ லைட்டின் சூடும், ஜரிகை கழுத்தில் அறுத்ததும், காய்ந்த சந்தனம் தோலை இழுத்துப் பிடித்ததும்தான். மதியத்துக்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. பிடிவாதமெல்லாம் இல்லை, வாயைத் திறந்தால் சொல் வரவில்லை, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தது. அத்தை வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார், "பொண்ணுக்கு வெட்கம், நிமிந்தே பாக்க மாட்டேங்குறா."

ஒரு பையன் யார் முகத்தையும் பார்க்காமல், யாரோடும் சேராமல் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் யாராவது "டாக்டர்ட்ட காட்டுங்க" என்பார்கள். பெண் பிள்ளை அப்படி இருந்தால் அடக்கமானவள், வம்புதும்புக்குப் போகாதவள். என்னை எதற்கெல்லாம் பாராட்டினார்களோ அதையெல்லாம்தான் இப்போது ரிப்போர்ட்டில் அறிகுறி என்று எழுதியிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மருத்துவத்திலும் இதே கதைதான். மனநல மருத்துவர் லியோ கானர் 1943-ல் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள், அதில் 3 பேர் பெண்கள். அடுத்த வருடம் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற இன்னொரு மருத்துவர் விரிவாக எழுதிய 4 பேருமே பையன்கள். அந்தப் பையன்களின் சாயலை வைத்துத்தான் இன்று வரை எங்களையும் தேடுகிறார்கள்.

நானும் நிறையப் பழகி வைத்திருந்தேன். பெரியப்பா மகள் எந்த இடத்தில் சிரிக்கிறாள், "வாங்க, சாப்டீங்களா"வுக்கு அப்புறம் என்ன கேட்கிறாள் என்று பார்த்து மனப்பாடம் செய்தேன். கண்ணைப் பார்க்க முடியாது என்பதால் இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார்ப்பேன், எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இதற்கு மாஸ்கிங் என்று பெயர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. சென்னைக்கு வேலைக்கு வந்து, ஹாஸ்டல் ரூமில் நான்கு பேர், ஷேர் ஆட்டோ, அடுத்தடுத்து மீட்டிங் என்று ஆனபோது இரண்டாவது வருடம் என்னால் முடியாமல் போய்விட்டது. பல் தேய்க்க எழுந்திருக்கவே முக்கால் மணி நேரம் ஆகும்.

முதலில் பார்த்த மனநல மருத்துவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். "டிகிரி முடிச்சிருக்கீங்க, வேலைக்குப் போறீங்க, என் கண்ணைப் பாத்துப் பேசுறீங்க, ஆட்டிசம்லாம் இல்லம்மா." நான் அவர் புருவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதற்றத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் சாப்பிட்டேன், தூக்கம் வந்தது. பதற்றம் இருந்தது உண்மை, ஆனால் அது எதனால் வருகிறது என்று அவர் கேட்கவே இல்லை. டாக்டர்கள் பார்க்கிற டிஎஸ்எம்-5 கையேட்டில் 2013-லேயே தெளிவாக இருக்கிறது: அறிகுறிகள் சின்ன வயதிலிருந்தே இருக்க வேண்டும், ஆனால் சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்ப்பது நம் சக்திக்கு மேல் போகும் வரை அவை முழுதாக வெளியே தெரியாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட வழிகளால் மறைந்தும் போகலாம். டிகிரி வாங்கியதை வைத்து இல்லை என்று சொல்ல அதில் இடமே கிடையாது.

இரண்டாவதாகப் போனது ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அக்காவிடம். மூன்று நாள் உட்கார்ந்தோம், ஃபீஸ் என் பாதிச் சம்பளம். அந்தப் பணம் இல்லாத எத்தனை பெண்கள் தெரிந்தும் தெரியாமலும் காலத்தை ஓட்டுகிறார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இன்னொன்று, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்: மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு, டயக்னோசிஸ் வேறு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, அதற்கு ஐசா என்று 40 கேள்வி கொண்ட ஒரு அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். நான் சான்றிதழுக்குப் போகவில்லை. எனக்கு என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

சைக்காலஜிஸ்ட் அக்கா என் அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார். "சின்ன வயசுல எப்படிம்மா இருந்தா?" என்றால், "தங்கமான பிள்ளைங்க, ஒரு தொந்தரவு கிடையாது." எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருந்தா." அம்மா வளர்த்த விதத்துக்கு மார்க் போடுகிறார்கள் என்று பயந்திருக்கிறார். அந்த அக்கா புரிந்துகொண்டு கேள்வியை மாற்றினார். என்ன சாப்பிடுவா? "தயிர்சாதம் மட்டும்தான், அதுவும் அந்த வெள்ளைக் கிண்ணம். கிண்ணம் மாறினா தொட மாட்டா." என்ன விளையாடுவா? "பொத்தான் டப்பாவைக் கொட்டி நிறம் நிறமா அடுக்குவா, யாராச்சும் கலைச்சிட்டா அன்னிக்குப் பூரா அழுகை." அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, இதுவரை யாரும் கேட்கவில்லை. அப்புறம் அவரே சொன்னார், சடங்கு வீடியோ இருக்கு, கொண்டு வரட்டுமா என்று.

(போகிறவர்கள் பழைய ரேங்க் கார்டு, வீடியோ, வளர்த்தவர்களில் ஒருவர், கிடைத்ததைக் கொண்டு போங்கள். நாம் சொல்வதை விட அது அதிகம் சொல்கிறது.)

அரசு அறிவிப்புகளில் எங்களைப் "புற உலக சிந்தனையற்றோர்" என்று எழுதுவார்கள். எனக்குப் புற உலகம் தாங்க முடியாத அளவுக்கு உள்ளே வருகிறது. பக்கத்து வீட்டு மிக்சி, டியூப் லைட்டின் இரைச்சல், பஸ்ஸில் உரசும் கை எதுவும் விலகாது. தயவுசெய்து அந்தச் சொல்லை மாற்றுங்கள்.

கல்யாணத்துக்கு வருகிறேன். முன்னாடியே தெரிந்தது நல்லதுதான். என்னோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறவர், நான் பேச முடியாமல் போகும் நாளில் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைக் கேட்டு விலகுகிறவர்கள் விலகட்டும். ஆபீஸில் சொன்னேன், சுவர் ஓரமாக இடம் மாற்றிக் கொடுத்தார்கள், ஹெட்போன் போட்டுக்கொள்கிறேன். மாத்திரையை வேறொரு டாக்டரின் ஆலோசனையோடு படிப்படியாக நிறுத்தியாகிவிட்டது.

ரிப்போர்ட் வந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி அம்மா டிவியில் அந்த வீடியோவைப் போட்டு, எனக்காகச் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார். நான் நாற்காலியிலிருந்து அவர் முந்தானையைப் பிடித்திருக்கிறேன்.

"இங்க நீ என்கிட்ட என்னமோ சொல்ல வந்திருக்க. நான் சந்தனக் கிண்ணத்தை எடுக்கப் போயிட்டேன்."