பனி விட்டுட்டு

இன்று விடியற்காலை நாலே முக்காலுக்குக் குயில் கூவியது. இந்த வருஷம் என் காதில் விழுந்த முதல் கூவல். பக்கத்து வீட்டு வேப்பமரத்திலிருந்து நாலு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு படி மேலே ஏறி, அப்புறம் பட்டென்று நின்றுவிட்டது. குயிலைப் பெண்ணாக்கியே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் கூவுவது ஆண். கன்னங்கரேலென்று, சிவந்த கண்ணோடு இருக்கும். புள்ளி போட்ட பழுப்பு நிறத்தில் இருப்பதுதான் பெண்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். இந்த வருஷம் இரண்டுமே துளைத்தது. மழையும் வாடையும் பனியுமாக மூன்று மாதம் போனது. ஆச்சி நார்க்கட்டிலை உள்ளே போட்டுத்தான் படுத்தாள். நேற்று ராத்திரி பார்த்தால் கட்டில் தார்சாவுக்கு, அதாவது முன்தாழ்வாரத்துக்கு, வந்திருக்கிறது. "பனி கொட்டுமே ஆச்சி" என்றேன். "பனி விட்டுட்டுல. காத்து திரும்பிட்டு, தெரியலையா ஒனக்கு?" என்றாள். அதற்கு மறுநாள்தான் குயில்.

நம்ம ஊரில் மழையும் வெயிலும்தானே, வசந்தம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மாசி, பங்குனி பின்பனி என்றும் சித்திரை, வைகாசி இளவேனில் என்றும் பள்ளியில் படித்தோம். சரி, பாடத்துக்கு அது. திருநெல்வேலிப் பக்கம் இளவேனில் மாசிக் கடைசியிலேயே வந்துவிடுகிறது. சித்திரை பிறக்கும்போது வெயில் அதை விரட்டிவிடும். மொத்தமே ஒரு மாதம் சொச்சம்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

நம்பாதவர்கள் ஒரு புங்கமரத்தைப் பாருங்கள். போன வாரம் பழுத்த இலையெல்லாம் கொட்டி, செத்ததுபோல நின்ற மரம் அது. இன்று கிளை நுனியில் எண்ணெய் தடவியதுபோல மினுங்குகிற இளம்பச்சைத் தளிர். விரலால் தொட்டால் ஈரத்துணிபோல மடங்குகிறது. இன்னும் சில நாளில் பூ வந்து, தரையில் பொரி இறைத்ததுபோலக் கிடக்கும். அரசமரத்தில் தளிர் செம்புநிறம். இலவமரத்தில் இலையே இல்லை, பூ மட்டும்.

வயலில் பிசான நெல் அறுப்பு தொடங்கிவிட்டது. பனையில் பாளை சீவுகிறார்கள், பதநீர் வந்துவிடும். தாமிரபரணியில், குறுக்குத்துறையில் தண்ணீர் வடிந்து படிக்கட்டு தெரிகிறது. நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் திரும்பிப்போகிற நேரம் இது. அதே சமயத்தில் தெருவோர மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இதை எழுதுவதற்குக் காரணமே எங்கள் தெரு. போன வருஷம் இதே நாட்களில், மின்கம்பியில் உரசுகிறது என்று ஆறு புங்கமரங்களின் தலையை மொட்டையாக வெட்டிவிட்டார்கள். தளிர் விட்டு நாலு நாள்கூட ஆகவில்லை. ஒரு கிளையோடு காக்கைக்கூடும் கீழே கிடந்தது. பங்குனி, சித்திரை முழுவதும் தெருவில் நிழலே இல்லை. கிளை கம்பியில் படக்கூடாது, அது நியாயம்தான். அந்த வேலையைப் புரட்டாசியில் செய்யலாமே? ஐப்பசி மழைக்காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுகிற பயமும் தீரும், வெயிலுக்கு முன்னால் மரமும் தழைத்துவிடும். இந்த முறை தெருக்காரர்கள் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டு மனு எழுதியிருக்கிறோம். நாளை கொடுக்கப்போகிறோம். உங்கள் தெருவிலும் எழுதிக் கொடுங்கள். இப்போதே கொடுத்தால்தான் பிரயோஜனம்.

எங்கள் வீட்டு வேம்பில் இன்னும் மொட்டு வரவில்லை. சிவப்புக் கொழுந்து மட்டும்தான் தெரிகிறது. பூக்கப் பங்குனி ஆகும். ஆச்சி அதற்குள் தாத்தாவின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள், உதிர்கிற பூவுக்கு அடியில் விரிப்பதற்கு.