நாங்களே கட்டிக்கொள்வது என்றால் நகராட்சிக்கு ரேட்ஸ் (சொத்து வரி) எதற்கு?

சனிக்கிழமை நம் வார்டில் நடந்த நகராட்சிக் கூட்டத்தின் வீடியோ இந்நேரம் எல்லா வாட்ஸாப் குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் முதலிலிருந்து கதை சொல்லப் போவதில்லை. நம் ஏரியா ஹாலின் கூரையும் ஓடைப் பாலமும் இந்த ஆண்டு வேலைப் பட்டியலில் இல்லை, அந்தப் பணம் தண்ணீர்க் குழாய்க்குப் போகிறது என்று நகராட்சி அதிகாரி சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் தென்னாப்பிரிக்க இந்தியர்களான நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாரே: "உங்க சமூகம் எப்பவும் சொந்தக் காலில் நின்ன சமூகம். பள்ளிக்கூடமே நீங்களா கட்டிக்கிட்டீங்க. ஒரு கூரை உங்களுக்குப் பெரிய விஷயமா?"

அதற்கு நம் ஆட்களே கை தட்டினார்கள். முன் வரிசை அண்ணன்மார் தட்டிய தட்டு வீடியோவில் நன்றாகவே கேட்கிறது. பெருமையாம்.

நாங்கள் கட்டினோம், சரி. ஏன் கட்டினோம்? அரசு கட்டித் தரவில்லை, அதனால் கட்டினோம். நம் நட்டால் மாகாணத்தில் அந்தக் காலத்து இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலானவை 'அரசு உதவி பெறும்' பள்ளிகள். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறை என்ன? ஊர்க்காரர்கள் முதலில் பணம் திரட்ட வேண்டும், நிலம் பார்க்க வேண்டும். அவர்கள் ஒரு பவுண்டு போட்டால் அரசு ஒரு பவுண்டு போடும். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கு யாரும் உண்டியல் குலுக்கவில்லை.

என் அம்மாவின் அப்பா டர்பனின் கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். விடிகாலை மார்க்கெட், மாலையில் தோட்டம், ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வேலை. செங்கல் சுமப்பது, சாந்து குழைப்பது, எல்லாம் சம்பளமில்லாத வேலை. ஆயா வாரம் ஒரு டிக்கி எடுத்து வைப்பாராம், பள்ளிக் கமிட்டிக்காரர் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார். இளையவர்களுக்கு: டிக்கி என்றால் மூன்று பென்னிக் காசு, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. அப்படிச் சேர்ந்த காசில் எழுந்த சுவர் அது. பிறகு என்ன ஆயிற்று? இன்ன இனம் இன்ன பகுதியில்தான் வசிக்கலாம் என்கிற குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்தது. அறுபதுகளில் குடும்பம் குடும்பமாக லாரியில் ஏற்றி, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் இறக்கினார்கள். தாத்தாவால் தோட்டத்தையும் கொண்டுவர முடியவில்லை, பள்ளிக்கூடத்தையும் கொண்டுவர முடியவில்லை. நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்த நம் தமிழ், தெலுங்குக் குடும்பங்களுக்கும் இதே கதிதான். டர்பன் தெருவைப் பெருக்கியவர்களும் சாலை போட்டவர்களும் அவர்களில்தான் இருந்தார்கள்.

இந்தக் கதையைத்தான் அந்த அதிகாரி பாராட்டுப் பத்திரமாக வாசித்தார். பட்டினி கிடந்தவனைப் பார்த்து, 'உனக்குத்தான் சாப்பிடாமல் இருந்து பழக்கமாச்சே' என்று இலையைத் தூக்கிக்கொண்டு போவதைப் போல.

"தண்ணீர் முக்கியமில்லையா?" என்று கேட்பீர்கள். முக்கியம்தான், யார் இல்லை என்றது? 2022 வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, டர்பனுக்கு வடக்கே டோங்காட் மக்கள் மாதக்கணக்கில் டேங்கருக்குக் காத்துக் கிடந்ததை நாமெல்லாம் பார்த்தோம். நாடு முழுக்க, வருவாய் தராமலே போகும் தண்ணீர் 2014இல் 37 சதவீதம், 2023இல் 47 சதவீதம். இந்த நிலையில் தேசியக் கருவூலம் தண்ணீர், மின்சாரம், குப்பை மூன்றையும் தனித்தனிக் கணக்கில் ஒழுங்காக நடத்தும் பெருநகரங்களுக்குத்தான் ஊக்க மானியம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் கேள்வி வேறு. குழாயைப் பத்து இருபது வருடமாகப் பராமரிக்காமல் விட்டது யார்? அதற்கான பணத்தை ஏன் ஹாலின் கூரையிலிருந்தும் பிள்ளைகள் நடக்கும் பாலத்திலிருந்தும் பிடுங்க வேண்டும்?

இன்னொன்று. பணமே இல்லை என்றால் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் நகராட்சிகளின் கணக்கு வருடம் ஜூன் 30இல் முடிகிறது. குறிப்பிட்ட வேலைக்கென்று மத்திய அரசு கொடுத்து, அதற்குள் செலவழிக்காத நிபந்தனை மானியம், கருவூலம் விதிவிலக்குக் கொடுத்தால் ஒழிய, மத்திய நிதிக்கே திரும்பிப் போகும். ஒவ்வொரு வருடமும் வரும் வருவாய்ப் பகிர்வுச் சட்டத்திலேயே இது இருக்கிறது. டெண்டர் தாமதம், வழக்கு, வேலையை நிறுத்த வருகிற கும்பல் என்று காரணம் எதுவானாலும், கைக்கு வந்த பணத்தைத் திருப்பி அனுப்புகிற நகராட்சிகள் இந்த நாட்டில் இருக்கின்றன. அப்படியிருக்க நம்மைப் பார்த்து 'நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்' என்பது என்ன மாதிரியான சிக்கனம்? 2019இல், மத்திய, மாகாண, நகராட்சி அரசுகள் சேர்ந்து திட்டமிட, மாவட்ட மேம்பாட்டு மாதிரி என்று ஒன்று வந்தது. 44 மாவட்டங்கள், 8 பெருநகரங்கள், ஒரே திட்டம், ஒரே பட்ஜெட். நம்ம ஏரியாவுக்கு அந்த ஒரே திட்டத்தில் கிடைத்தது ஒரு பேனர்.

இப்போது பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் இன்பாக்ஸில் ஏற்கனவே வந்துவிட்டது. "குடிசையில் இருப்பவர்களுக்குக் கழிப்பறையே இல்லை, உங்களுக்கு ஹால் கேட்கிறதா?" அந்த ஹாலுக்குள் கடைசியாக எப்போது காலடி வைத்தீர்கள்? ஞாயிறு காலை அங்கே ஜூலு கிறிஸ்தவ சபை கூடுகிறது. உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப உட்காருகிற ஆட்களில் பாதிப் பேர் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குடிசைக்காரர்கள். 2022 ஏப்ரலில் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் செத்த அந்த வெள்ளத்தின்போது, அவர்கள் பாய் விரித்துப் படுத்தது இந்தக் கூரைக்குக் கீழேதான். கோயில் அண்டாவில் பீன்ஸ் கறி சமைத்துக் கொண்டுபோன அக்காக்கள் எல்லாரும் இங்கே என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பாலம் போனதால் இப்போது ஓடையில் இரண்டு பலகை போட்டு நடக்கிற பிள்ளைகளும் அந்தக் குடிசைப் பிள்ளைகள்தான். மழை நாளில் பெரியவன் தன் ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சின்னவளின் பையையும் தலையில் வைத்துக்கொண்டு கடப்பதை என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். யாருக்கு எதிராக யாரை நிறுத்துகிறீர்கள்?

"கோயில் டிரஸ்டிகளிடம் பணம் இருக்கிறதே" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. காவடிக்குச் சேர்கிற பணத்தில் நகராட்சிப் பாலம் கட்ட முடியாது, கட்டவும் கூடாது.

வெள்ளிக்கிழமை மாலை அதே ஹாலில்தான் நான் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மேடைக்கு மேலே கூரைப் பலகை பழுப்பாகித் தொங்குகிறது. அதற்குக் கீழே ஒரு பெயின்ட் வாளி. 'ஆ' எழுதிக்கொண்டிருக்கும்போது டொக் டொக்கென்று சொட்டும். பிள்ளைகள் பழகிவிட்டார்கள். எனக்குத்தான் பழகவில்லை. ஆறு தலைமுறை இங்கே இருந்த பிறகும் 'உங்க சமூகம்', 'நீங்க' என்று நம்மைத் தனியாக எடுத்து வைத்துப் பேசுகிறார்கள், அதையும் புகழ்ச்சி என்று கை தட்டி வாங்கிக்கொள்கிறோம். ரேட்ஸ் பில் வரும்போது மட்டும் நாம் எல்லாரையும் போலக் குடிமக்கள். ஒரு மாதம் தாமதமானால் வட்டி போடுகிறார்களே, அப்போது யாரும் 'நீங்க சொந்தக் காலில் நின்ன சமூகம்' என்று சொல்வதில்லை.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். "ஏம்மா இன்னும் அந்தக் கூட்டத்துக்கெல்லாம் போறீங்க, விட்டுட்டு வந்துடுங்க" என்கிறார்கள். தோட்டத்தை விட்டுவிட்டு வரச் சொன்னபோது தாத்தா வந்தார். நான் ஏன் வர வேண்டும்? நகராட்சிக்காரர்கள் கூரை போடட்டும்.

இதையெல்லாம் தமிழில் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்ட அந்தத் தம்பிக்கு: நீ படித்தாயே.

ஆட்சேபக் கடிதம் தயாராக இருக்கிறது, ஆங்கிலத்திலும் ஜூலுவிலும். வார்டு கமிட்டிப் பத்துப் பேரில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வாருங்கள். அப்புறம் ஒரு உதவி. 2022க்கு முன்னால் எடுத்த போட்டோ, கல்யாணமோ பிறந்தநாளோ, பின்னால் பாலம் தெரிகிற மாதிரி யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். அந்த இடத்தில் பாலம் இருந்ததற்கு ஆதாரம் உண்டா என்று நகராட்சியில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டிருக்கிறார்கள்.