வெறும் மெம்பர்தானே என்கிறவர்களுக்கு

அந்த ஆடியோவை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது, விடிவதற்குள் பக்கத்து மூன்று ஊருக்குப் போய்விட்டது. உள்ளாட்சித் தேர்தலுக்குத் தேதியே வரவில்லை, அதற்குள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எந்த வார்டுக்கு யார் ஊராட்சி மெம்பர் என்று பேசி முடித்துவிட்டார்கள், அந்தப் பேச்சுதான் ஆடியோவில். தலைவர் பதவிக்கு மட்டும் போட்டி இருக்கட்டுமாம். "மெம்பருக்கெல்லாம் எதுக்குய்யா எலெக்சன், வெறும் மெம்பர்தானே, கோயிலுக்கு யாரு அதிகமா எழுதுறாங்களோ அவங்க இருந்துட்டுப் போகட்டும்." இதைச் சொன்னவர் எனக்குச் சித்தப்பா முறை. அதனால்தான் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஐந்து வருடம் அந்த வெறும் மெம்பராக இருந்தவள் நான். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. வார்டு மெம்பரை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்டபத்தில் பேசி முடிக்கக் கூடாது, ஏலம் விடவே கூடாது. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வெறும் மெம்பர் என்றால் எதற்கு அந்தப் பதவிக்கு இத்தனை பேச்சுவார்த்தை? ஒன்றுக்கும் உதவாத பதவிக்கு யாராவது பணம் எழுதுவார்களா? சங்கதி இதுதான். தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். துணைத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மெம்பர்கள் கூடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆக மெம்பர்கள் யார் கையில் இருக்கிறார்களோ அவர்கள் கையில்தான் ஊராட்சியின் கஜானாவில் பாதி இருக்கிறது. சித்தப்பாவுக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும்.

2019 டிசம்பரில் நான் மனு போட்ட கதையைச் சொல்கிறேன். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், முன்மொழிகிறவர் அதே வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 100. அவ்வளவுதான். கட்சிச் சீட்டும் வேண்டாம், யார் தயவும் வேண்டாம். மெம்பர், தலைவர் தேர்தல் இரண்டுமே கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர் தேர்தலில்தான் கட்சி வரும். எனக்கு முன்மொழிந்தது எதிர்வீட்டு ஆத்தா. கையெழுத்துப் போடும்போது அவருக்குக் கை நடுங்கியது, "தப்பாப் போட்டா உன்னைத் தள்ளிருவாங்களாடி?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பேனாவை வைத்தார்.

ஜனவரி 2-ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. நான்கு பதவிக்கும் சேர்த்து ஒரே பெட்டி. அதைக் கொட்டி, மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்த பிறகுதான் எண்ணவே ஆரம்பிப்பார்கள். ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் வார்டு வந்தது. எனக்கு 143, எதிர்த்து நின்ற அக்காவுக்கு 132. பதினோரு ஓட்டு. அந்த 143 வெள்ளைச் சீட்டு ரப்பர் பேண்ட் போட்டு மேசையில் இருந்ததை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். அது எனக்கு யாரும் மண்டபத்தில் வைத்துக் கொடுத்தது கிடையாது.

அது எதற்கு உதவியது என்றால், ஒரு நாள் சாயங்காலம் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கிறது, ஊராட்சி ஆள் ஒருவர் தீர்மானப் புத்தகத்தோடு வந்தார். நான் வாசலில் நிற்கிறேன், என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரிடம் நீட்டுகிறார். "அண்ணே, அக்காகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக் குடுங்க." நான் பிடுங்கிப் பார்த்தேன். மேலே தேதி, கீழே நான்கு பேர் கையெழுத்து, நடுவில் முக்கால் பக்கம் வெள்ளை. அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை. எழுதிக்கொண்டு வாங்க, படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். "எல்லாரும் போட்டுட்டாங்கக்கா, நீங்க மட்டும் ஏன் இப்படி?" என்றார். நான் போடவில்லை. மூன்று மாதம் எங்கள் தெருவிளக்கு எரியவில்லை, பிள்ளைகள் டார்ச் அடித்துக்கொண்டு டியூசனுக்குப் போனார்கள், எனக்குக் குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேட்டேன், என் தெருக்காரர்களும் கூடவே எழுந்தார்கள், அந்த வாரமே விளக்கு வந்தது. மண்டபத்தில் பேசி உட்காரவைத்த மெம்பர் அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? எந்த முகத்தோடு சொல்வார்? அவரை உட்காரவைத்தவர்கள்தானே புத்தகத்தையே அனுப்புகிறார்கள்.

சிலர் கேட்பீர்கள், போட்டியின்றித் தேர்வாவது சட்டத்திலேயே இருக்கிறதே என்று. இருக்கிறது. ஒருவர் மட்டுமே மனு போட்டால் அவர் தேர்வானதாக அறிவிப்பார்கள். ஆனால் மற்றவர்களை மனுவே போடவிடாமல் செய்துவிட்டு அதற்குப் போட்டியின்றி என்று பெயர் வைப்பது வேறு. பதவியை ஏலம் விடுவது குற்றம், 2019-லேயே மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தது. செலவு மிச்சம் என்கிறீர்களா, மெம்பர் வேட்பாளருக்கு அன்றைக்கு ஆணையம் வைத்த உச்சவரம்பே 9,000 ரூபாய்தான், அதைக்கூட நான் தொடவில்லை. பணம் கோயிலுக்குத்தானே போகிறது என்கிறீர்களா, கும்பாபிஷேகத்துக்கு நானும் தருகிறேன், அதற்கு என் தெருக்காரர்களின் ஓட்டை ஏன் விற்க வேண்டும்? உத்திரமேரூர் கல்வெட்டைக் காட்டி நாம்தான் உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தோம் என்று அதே குழுவில்தான் போட்டீர்கள். அங்கே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். கணக்குக் காட்டாமல் போனவனையும் அவன் சொந்தக்காரர்களையும் சேர்த்தே தள்ளிவைத்தார்கள். அதிகம் எழுதியவனுக்குப் பதவி என்று அந்தக் கல்லில் எங்கேயும் இல்லை.

கடைசியாக அந்த ஒற்றுமைப் பேச்சு. இதில்தான் எனக்குத் தாங்கவில்லை. ஊர் ஒற்றுமை என்ற பெயரில்தான் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் கொட்டக்கச்சியேந்தலிலும் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கிய பிறகும் 1996-லிருந்து 2006 வரைக்கும் ஒரு தலித் தலைவரை நிலையாக உட்காரவிடவில்லை. மேலவளவில் தலைவராக ஜெயித்து உட்கார்ந்த தலித்தான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டியே கொன்றார்கள். எங்கள் ஊரை அதோடு ஒப்பிடாதே என்பீர்கள். சரி, ஒப்பிடவில்லை. ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் உட்கார்ந்தவர்களில் காலனிக்காரர் எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர்? ஐந்து வருடம் மெம்பராக இருந்த என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டீர்களா சித்தப்பா? என் வார்டுக்கும் பெயர் முடிவாகிவிட்டது என்பதை என் மகன் போனில் ஆடியோவாகத்தானே நான் கேட்டேன்.

என்னிடம் தோற்ற அக்காவும் நானும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறோம், நூறு நாள் வேலைக்கு ஒன்றாகத்தான் போகிறோம். நேற்று தூக்குவாளியை மூடிக்கொண்டே கேட்டார், "நீ மனு போடுறியா?" போடுவேன் என்றேன். "நானும் போடுறேன், இந்தத் தடவை விட மாட்டேன்" என்றார். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க நாளைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம்.