லோகனுக்கு யார் பதில் சொல்வது?

'டெக்ஸ்டர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன், காவல்துறையில் வேலை பார்த்துக்கொண்டே கொலைகாரர்களைத் தேடிக் கொல்லும் தொடர் கொலைகாரன் டெக்ஸ்டர், பிழைத்துவிட்டான் என்று நண்பர்கள் மகிழ்கிறார்கள். எனக்கு இரண்டு நாளாக மனம் ஆறவில்லை. 2022 ஜனவரியில் அதன் தொடர்ச்சியான 'நியூ பிளட்' முடிந்தபோது, லோகனைக் கொன்றது தன் தகப்பன்தான் என்று அறிந்த டெக்ஸ்டரின் மகன் ஹாரிசன், பனி மூடிய காட்டில் அவனை நெஞ்சில் சுட்டான். லோகன் அந்தப் பையனுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்த காவலர், ஒரு பாவமும் அறியாதவர். டெக்ஸ்டர் காவலிலிருந்து தப்புவதற்காக அவர் கழுத்து முறிக்கப்பட்டது. மகன் சுட்ட குண்டுதான் லோகனுக்குக் கிடைத்த ஒரே பதில். அதையும் 2025இல், டெக்ஸ்டரைப் பிழைக்கவைத்து, 'ரிசரெக்ஷன்' என்று அடுத்த தொடருக்குப் பெயரிட்டுப் பிடுங்கிக்கொண்டார்கள்.

வில்லன் செத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, கணக்குத் தீர வேண்டும் என்கிறேன். 2013 செப்டம்பர் 22 அன்று முதல் தொடர் முடிந்தபோதும் இதே குறைதான். தங்கையின் உடலைக் கடலில் விட்டுப் புயலுக்குள் படகைச் செலுத்தியவன், கடைசியில் எங்கோ மரம் வெட்டிக்கொண்டிருந்தான். சரியாக ஒரு வாரம் கழித்து 'பிரேக்கிங் பேட்' என்ற இன்னொரு அமெரிக்கத் தொடர் முடிந்தது. அதில் போதைப்பொருள் தயாரிப்பில் இறங்கிய வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட், இத்தனையும் குடும்பத்துக்காக அல்ல, தனக்காகவே செய்ததாக மனைவியிடம் ஒப்புக்கொள்கிறான். அவன் சாவைவிட அந்த ஒப்புதலில்தான் எனக்குக் கதை முடிந்தது.

டெக்ஸ்டர் கொலைகாரர்களைத்தானே கொல்கிறான் என்பீர்கள். அவனைப் பற்றிய உண்மையைக் கண்டுபிடித்த சக காவலர் டோக்ஸ் யாருடைய பழியைச் சுமந்து செத்தார்? அவனைச் சந்தேகித்ததால் உயிர்விட்ட காவல் அதிகாரி லாகுவெர்டா செய்த குற்றம் என்ன? டெக்ஸ்டராக நடித்த மைக்கேல் சி. ஹாலின் நடிப்புக்காகப் பார்க்கிறோம் என்றால் ஒப்புக்கொள்கிறேன், நானும் அதற்காகத்தான் பார்த்தேன்.

ஆனால் வெறும் கதைதானே என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். என் அண்ணனைக் காரில் இடித்துவிட்டு நிற்காமல் போனவர் மீதான வழக்கு ஆறு ஆண்டு நடந்தது. ஒரு வாய்தா நாளில், நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், அவர் எங்களுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, வடையைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி எண்ணெயை ஒற்றி எடுத்துச் சாப்பிட்டார். அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சி போதவில்லை என்று அவர் விடுதலையான அன்று, தீர்ப்பைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. "போகும்போது நம்மைத் திரும்பிப் பார்த்தானா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஹாரிசன் சுட்ட அந்தப் பனிக்காட்டோடு எனக்கு இந்தத் தொடர் முடிந்துவிட்டது. பிறகு வந்ததைப் பார்க்கச் சொல்லி என்னை யாரும் வற்புறுத்த வேண்டாம்.