வேகத்துக்குத் திசை உண்டா?

போன தவணையில் ஒரு செவ்வாய்க்கிழமை, 10ஆம் தர விஞ்ஞானத்தில் நேர்கோட்டு இயக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். முதல்நாள் இரவு இணையத்தில் தேடிப் பிடித்த பயிற்சித்தாளை 32 பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தமிழில் இருந்தது, படங்கள் தெளிவாக இருந்தன, எடுப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. மூன்றாவது கேள்வி, "வேகத்துக்குத் திசை இல்லை: சரியா, பிழையா?" கீழே விடைப்பகுதியில் "சரி" என்று போட்டிருந்தது. இரண்டாம் வரிசையில் இருந்த பிள்ளை எழுந்து நின்று கேட்டாள்: "ரீச்சர், வேகம் காவிக்கணியம், அதற்குத் திசையும் உண்டு என்று நேற்றுத்தானே எழுதித் தந்தீர்கள்? இதில் சரி என்று இருக்கிறதே, எதை எழுதுவது?"

அந்தத் தாள் தமிழ்நாட்டில் தயாரானது. நாம் கதி என்று சொல்வதை அங்கே வேகம் என்கிறார்கள். நாம் வேகம் என்று சொல்வது அங்கே திசைவேகம். நம்முடைய ஆர்முடுகல் அவர்களுக்கு முடுக்கம். ஆகவே "வேகத்துக்குத் திசை இல்லை" என்று சென்னையில் எழுதும் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கும். அதே வசனத்தைத் திருகோணமலையில் எழுதும் பிள்ளைக்குப் புள்ளி போய்விடும். இரண்டு பேர் எழுதியதும் தமிழ், இரண்டு பேர் படித்ததும் ஒரே பௌதிகம். ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை, இழையம் அங்கே திசு, அட்சரகணிதம் அங்கே இயற்கணிதம். இவையெல்லாம் பிள்ளைக்குப் பழக்கமில்லாத சொற்கள் என்பதால் உடனே கண்ணில் படும், கேட்டுவிடுவார்கள். ஒரே சொல் இரண்டு பொருளில் வரும்போதுதான் பயப்பட வேண்டும். அது சத்தமில்லாமல் உள்ளே போய் இருந்துகொள்ளும், பரீட்சை மண்டபத்தில்தான் வெளியே வரும்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. புதிதாக நியமனம் பெற்று வரும் தங்கச்சிமாரும் தம்பிமாரும் அடிக்கடி என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, பாடத்துக்குத் தேவையானவற்றை இலவசமாக எங்கே எடுக்கலாம்?" நான் இருப்பது சிறிய பாடசாலை. விஞ்ஞானம் என் பாடம் என்றாலும், ஓர் ஆசிரியர் வராத நாளில் வரலாற்றுக்கும் போவேன், சித்திரத்துக்கும் போவேன். எல்லாப் பாடத்துக்கும் தேடிப் பழகியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். வளங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை நம் பிள்ளையின் கொப்பிக்கு ஏற்றதாக மாற்றும் அரைமணி நேர வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. செய்கிற சிலரும் செய்ததை வெளியே விடுவதில்லை.

தேடலை வீட்டிலிருந்தே தொடங்குங்கள். 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, 1980 முதல் இலவசப் பாடநூல் என்று வளர்ந்த நாடு இது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்மொழிப் பாடநூல்கள் முழுதாக இருக்கின்றன. மகரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளைத் தரவிறக்கம் செய்யும்படி வைத்திருக்கிறது. கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான ஈ-தக்சலாவவில் தரம் வாரியாகப் பாடங்கள் உண்டு. வழிகாட்டியின் நடை வறண்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்ச்சி மட்டத்துக்குப் பக்கத்திலேயே கற்றற் பேறு, அதாவது பாடம் முடியும்போது பிள்ளைக்கு வந்திருக்க வேண்டியது, எழுதியிருக்கும். வெளியிலிருந்து எதை எடுத்தாலும் அதன் மேல் வைத்து அளந்து பார்க்கலாம். அதைத் திறந்தே பார்க்காமல் யூடியூபில் மணிக்கணக்காகத் தேடுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடந்தகால வினாத்தாளை எல்லோரும் எடுக்கிறோம். ஒவ்வொரு கேள்வியிலும் பிள்ளைகள் எங்கே சறுக்கினார்கள் என்று விளக்கும் அந்த அறிக்கையை எத்தனை பேர் வாசிக்கிறோம்? நாடு முழுவதும் திருத்திய விடைத்தாள்களிலிருந்து வந்த அறிவு அது. எந்த வெளிநாட்டுத் தளமும் நமக்கு இதைத் தர முடியாது.

விஞ்ஞானத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் ஃபெட் என்ற திட்டத்தைத் தொடங்கியவர் கார்ல் வைமன், அதற்கு முந்தைய ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். திரையில் தொட்டு இயக்கிப் பார்க்கும் மாதிரிகள் அவை. சில தமிழிலும் கிடைக்கின்றன. மின்சுற்று மாதிரியை மட்டும் சொல்கிறேன். மின்கலத்தையும் மின்குமிழையும் கம்பியால் இணைத்து ஆளியை மூடினால், இலத்திரன்கள் நீலப் புள்ளிகளாக வரிசையில் நகரும். மின்னோட்டம் மின்குமிழுக்குள் போய்த் தீர்ந்துவிடுகிறது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் மனதுக்குள் வைத்திருப்பார்கள். எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் அந்த எண்ணம் போகாது. மின்குமிழுக்கு முன்னால் நகரும் புள்ளிகளும் தாண்டிய பின் நகரும் புள்ளிகளும் ஒரே கதியில் போவதைப் பார்த்தபோது, என் வகுப்பில் ஒரு பையன் இருக்கையை விட்டு எழுந்து திரைக்குக் கிட்டே வந்து விரலால் எண்ணத் தொடங்கினான். எண்ணி முடித்துவிட்டு, "அப்படியென்றால் என்னதான் குறைகிறது, ரீச்சர்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்து சக்தி மாற்றத்துக்குப் போக எனக்கு வேறு வழியே தேவைப்படவில்லை.

இந்த மாதிரிகளை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையம் வேண்டியதில்லை. ஈச்சிலம்பற்றுப் பக்கம் கற்பிக்கும் தோழி ஒருத்தி, நகரத்துக்கு வரும் வார இறுதியில் பென் டிரைவில் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறுவாள். வகுப்பில் இருப்பது அவளுடைய மடிக்கணினி ஒன்றுதான். அதைச் சுற்றி ஆறு ஆறு பிள்ளைகளாக நிறுத்தி நடத்துகிறாள்.

மின்சாரமே இல்லை என்றாலும் வழி உண்டு. இந்தியாவின் அரவிந்த் குப்தா 1970களின் பிற்பகுதியில் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் கொண்டு கேத்திரகணிதம் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். டியூப்பைத் துண்டு துண்டாக வெட்டி மூட்டாக வைத்துத் தீக்குச்சிகளைச் செருகினால் முக்கோணி அசையாது. சதுரம் கையால் தட்டியதும் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். கூரை மரத்தில் ஏன் முக்கோணம் வைக்கிறார்கள் என்று பிள்ளைகள் தாங்களாகவே சொல்வார்கள். அவருடைய தளத்தில் இப்படிப்பட்ட செயல்முறைகள் படமாகவும் காணொளியாகவும் பல மொழிகளில் இலவசமாக இருக்கின்றன, தமிழும் அவற்றில் ஒன்று.

வரலாற்றில்தான் எனக்கு எதிர்பாராத செல்வம் கிடைத்தது. ஒருநாள் வராத ஆசிரியருக்குப் பதிலாகக் கண்டி இராச்சியப் பாடத்துக்குப் போக நேர்ந்தது. அந்த வகுப்பில் மூதூரிலிருந்து வரும் பிள்ளைகள் நான்கு பேர். 1659இன் இறுதியில் புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று திருத்த வேலைக்காக மூதூரை ஒட்டிய கொட்டியாறுக் குடாவுக்கு வந்தது. 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபேர்ட் நொக்ஸையும் சிறைப்பிடித்துக் கண்டி நாட்டுக்குள் கொண்டுபோனார்கள். தகப்பன் அங்கேயே இறந்துபோனார். மகன் 19 ஆண்டுகள் கழித்து மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தரிடம் தப்பிப் போய்ச் சேர்ந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல் இன்று யாருடைய உரிமையிலும் இல்லை. 1971இல் தொடங்கிய குட்டன்பேர்க் திட்டத்தின் தளத்தில் முழுதாக வாசிக்கலாம்.

கொட்டியாறு வருகிற இரண்டு பந்திகளை நானே தமிழாக்கி வைத்திருந்தேன். வாசித்ததும் மூதூர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் ஊர்க் கடற்கரை ஒரு புத்தகத்தில் வரும் என்று அவர்கள் நினைத்ததில்லை. நான்கு பேரில் ஒருத்தி, அந்தத் தாளைத் தன் உம்மும்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று இன்னொரு பிரதி கேட்டு வாங்கிப் போனாள்.

ஈழத்து நூல்களுக்கும் பழைய பத்திரிகைகளுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது. தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஒளிவருடிச் சேர்த்தது. பழந்தமிழ் இலக்கியத்துக்கு 1998 முதல் மதுரைத் திட்டம். கீழ் வகுப்புகளின் வாசிப்புக்குப் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர்; கதைகளை நம் பேச்சுக்கு ஏற்ப மாற்றி எழுதவும் அனுமதி உண்டு. கணிதத்துக்கு, உருவங்களையும் வரைபுகளையும் திரையில் வரைந்து பார்க்கும் ஜியோஜீப்ரா. ஊர்ப் படம் வரைய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். கிண்ணியாப் பாலத்தை அளவுத்திட்டம் கொண்டு அளக்கச் சொன்னால் ஒரு பாடவேளை போவதே தெரியாது. சித்திரத்துக்கு நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை 2017இல் தன்னிடமுள்ள இலட்சக்கணக்கான படங்களை எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. சோழர் காலப் பார்வதி வெண்கலம் ஒன்றும் அதில் இருக்கிறது. அதைக் காட்டிவிட்டு, 1950இல் நம் கோணேசர் கோயில் பக்கம் நிலத்தடியிலிருந்து கிடைத்த வெண்கலத் திருமேனிகளைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

இனி என் மனதை அறுக்கும் விடயத்துக்கு வருகிறேன்.

வட்ஸ்அப் குழுக்களில் ஓடுவதில் பாதி இலவச வளம் இல்லை. யாரோ ஓர் ஆசிரியர் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதி, கடன்பட்டு அச்சடித்த பயிற்சிப் புத்தகத்தைத் தொலைபேசியால் படம்பிடித்து, முன்னட்டையைக் கழற்றிவிட்டு அனுப்புகிறார்கள். நன்றி சொல்லி நூறு பேர் கைகூப்புகிறார்கள். இது களவு. நம்மைப் போன்ற ஒருவரிடமிருந்து எடுத்த களவு. அவர் அடுத்த பதிப்புப் போடமாட்டார். நம் தரத்துக்கு, நம் சொற்களில் எழுதுகிற ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருக்கும்போது அவர்களையும் இப்படி முடக்கினால், பிறகு எங்கே போய்த் தேடுவது?

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். அடர்த்தி பற்றி நான் தயாரித்த பயிற்சித்தாள் ஒன்று எங்கோ சுற்றித் திரிந்து ஒரு போட்டோப் பிரதிக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. என் பெயர் இருந்த இடத்தில் ஒரு தனியார் வகுப்பின் முத்திரை. பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள். ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்தது காசு அல்ல. ஏழாவது கேள்வியில் நான் ஓர் அலகைப் பிழையாகப் போட்டிருந்தேன். அந்தப் பிழையும் அப்படியே பிரதியாகிக்கொண்டிருந்தது. என் பெயர் அதில் இருந்திருந்தால் யாராவது ஓர் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்துச் சொல்லியிருப்பார், நானும் திருத்தி அனுப்பியிருப்பேன். பெயரை வெட்டியவர்கள் திருத்தம் திரும்பி வரும் பாதையையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள்.

திறந்த கல்வி வளங்கள் என்ற பெயரை யுனெஸ்கோ 2002இல் கொண்டுவந்தது. அதே ஆண்டின் கடைசியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் வெளிவந்தன. அவற்றில் எளியது, ஆக்கியவரின் பெயரைச் சொல்லிவிட்டு எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்பது. ஒரு வரி போதும். தாளின் அடியில் உங்கள் பெயர், தரம், அலகு, தயாரித்த திகதி, "பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், திருத்தலாம்" என்று எழுதுங்கள். வேறொருவருடைய தாளைத் திருத்தினால் அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் போடுங்கள். படமாக மட்டும் அனுப்பாமல், மற்றவர் திருத்தக்கூடிய வடிவத்திலும் அனுப்புங்கள். தங்கள் குறிப்பைப் பூட்டி வைக்கும் மூத்தவர்களிடமும் கேட்கிறேன்: ஓய்வு பெறும் நாளில் அந்த அலுமாரிச் சாவியை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினோம். சனிக்கிழமை பின்னேரங்களில் உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். ஒரு பக்கம் நம் பாடநூல், மறுபக்கம் தமிழ்நாட்டுப் பாடநூல், நடுவில் இரண்டு நிரல் போட்ட கொப்பி. இடப்பக்கம் நம் சொல், வலப்பக்கம் அவர்கள் சொல். ஒரே சொல் வேறு பொருளில் வந்தால் சிவப்பு மையால் வட்டம். முதல் வட்டம் வேகத்துக்கு. 10ஆம் தரப் பௌதிகப் பகுதி முடிந்துவிட்டது, எங்கள் ஐந்து பேரின் பெயருடன் கீழே முதலாவது கருத்தில் இணைத்திருக்கிறேன். இரசாயனப் பகுதி பாதியில் நிற்கிறது. மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் இரசாயனவியல் கற்பிக்கும் யாராவது இருந்தால் எழுதுங்கள். வர முடியாதவர்களுக்குப் பக்கங்களைப் படம்பிடித்து அனுப்புகிறோம்.