சயாஜிக்கு ஒரு மாணவியின் அஞ்சலி

பர்மாவில் நாங்கள் சயாஜி (பர்மிய மொழியில் பெரிய ஆசிரியர்) என்று அழைத்த எங்கள் தலைமையாசிரியர் ஐயாவின் மறைவுச் செய்தியைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஓய்வு பெற்றபின் அவர் கோயிலில் தமிழ் வகுப்பு தொடங்கியதாக உங்கள் அஞ்சலிக் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அவர் அதைத் தொடங்கியது அதற்கு வெகு காலம் முன்பே. 1965இல் பர்மாவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதற்கு முந்தைய ஆண்டே, 1964இல், கடைகளும் அரசுடைமையாகிப் பறிபோன நம்மவர்களில் ஆயிரக்கணக்கானோர் சென்னைக்குக் கப்பலேறினார்கள். ஐயா எங்கள் ஊரான மோல்மேனை விட்டு நகரவில்லை. அரசுப் பள்ளியில் பர்மிய மொழியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். தின்ஜான் என்னும் பர்மியப் புத்தாண்டு விடுமுறை வந்தால் கோயில் மண்டபத்தில் எங்களுக்கு அரிச்சுவடி.

புத்தகம் கிடைக்காத காலம் அது. கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுவார். நான்காம் படியில் எழுத்து மங்கிவிடும், அதைத் தமக்கு வைத்துக்கொண்டு தெளிவானதை எங்களிடம் தருவார். கன்னத்தில் தனாக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசி வந்த பர்மியப் பிள்ளைகளும் எங்களோடு உட்கார்ந்து 'அறம் செய விரும்பு' சொன்னார்கள். யாரையும் அவர் எழுப்பி அனுப்பியதில்லை. தமிழர், பர்மியர், மோன் இனத்தவர் எல்லோருக்கும் அவர் சயாஜிதான். அப்படி ஒரு மனிதரை நான் பிறகு பார்க்கவே இல்லை.

தவறாகச் சொன்னால் அடிக்க மாட்டார். "இன்னொரு முறை சொல்லம்மா" என்பார், எத்தனை முறையானாலும்.

அவர் கைப்பட எழுதிய ஆத்திசூடித் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. தட்டோனிலோ யாங்கோனிலோ சென்னை பர்மா பஜார் பக்கமோ இருக்கும் பழைய மாணவர்களிடமும் இருக்கும். தயவுசெய்து பழைய தாள் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படமெடுத்துக் கோயில் நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த விடுமுறை வகுப்புக்கு அச்சிட்டுக் கொடுக்கலாம்.